உப்புக் காற்றில் இரண்டு சைக்கிள்கள்

ஜனவரி 22, வியாழன்: சென்னை

சனிக்கிழமை விடியுமுன் கிளம்புகிறோம், நானும் தம்பியும். திருவான்மியூரில் ஏறி, கடலை இடது கைப்பக்கமாகவே வைத்துக்கொண்டு, ராமேஸ்வரம் தீவின் கடைசி முனை வரை போக வேண்டும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிறவர்களுக்கு அது துணை. இதே சாலையில் மேலிருந்து கீழே இறங்க இதைவிட நல்ல பருவம் இல்லை.

என்னுடையது அலுமினியச் சட்டத்தில் கியர் வைத்த ரோடு பைக். அவனுடையது இரும்புச் சட்டத்தில் ஃபிக்ஸி. ஃபிக்ஸி பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில் காலை நிறுத்திக்கொண்டு உருள முடியாது. வேகம் குறைய வேண்டுமானால் காலாலேயே பின்னுக்கு அழுத்த வேண்டும். கியர் ஒன்றே ஒன்று. கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு, சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேராகக் காலுக்குத் தெரியும். அவன் அதை விடாமல் ஓட்டுவதற்கு அதுதான் காரணம். முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் உண்டு. பிரேக் இல்லாமல் நெடுஞ்சாலைக்கு வரக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து.

ஒரு வாரமாக மொட்டைமாடியில் இதே வேலை. என் வண்டியில் 23 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 28 போட்டேன். பிரேக் கவ்விக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையாது, ஆனாலும் உரசவில்லை. முன்பு காற்று 105 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது 75 போதும். கல்லைப் போல இறுகிய டயர்தான் வேகம் தரும் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினோம். சொரசொரப்பான தாரில் இறுகிய டயர் குதிக்கும். குதிக்கும்போது முன்னே போக வேண்டிய பலம் மேலே போய்விடும், கூடவே மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கும். டயர் இரண்டும் 3,800 ரூபாய். பிரேக், கியர் கேபிள்கள் உறையோடு புதிது, 900 ரூபாய். இதே பணத்தோடு இன்னும் பல மடங்கு சேர்த்து கார்பன் வீல் வாங்கச் சொல்லி நண்பர்கள் ஆசை காட்டினார்கள். இந்தப் பாதைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

தம்பி முன்னே 48 பல், பின்னே 16 பல் வைத்திருந்தான். இப்போது 46-க்கு 17. கால் லேசாகச் சுற்றும். இன்னொரு நன்மையும் உண்டு. ஃபிக்ஸியில் காலைப் பூட்டிப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு நிறுத்துவார்கள். 48-ஐ 16-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் மூன்று. ஆகவே டயர் எப்போதும் அதே ஓர் இடத்தில்தான் தேயும். 46-க்கும் 17-க்கும் பொது வகுஎண் இல்லை, தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். அவனுடைய பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப் இருபக்கமும் பல் மாட்டக்கூடியது: ஒரு பக்கம் ஃபிக்ஸட் 17, மறுபக்கம் ஃப்ரீவீல் 18. சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சாதாரண சைக்கிள். அந்தப் பக்கம் தேவைப்படாது என்று நம்புகிறான்.

ஜனவரி 24, சனி: புதுச்சேரி

நாலரைக்குக் கிளம்பினோம். மாமல்லபுரம் வரை கூட்டமாகச் சைக்கிள்காரர்கள், வார இறுதி வழக்கம். பளிச்சென்ற உடுப்பு, மினுக்கும் பின்விளக்கு, கடந்து போகும்போது ஒரு கையசைப்பு. கல்பாக்கம் தாண்டியதும் அந்தக் கூட்டம் திரும்பிப் போய்விட்டது. மிஞ்சியது கார்கள். திங்கள் குடியரசு தினம் என்பதால் மூன்று நாள் விடுமுறை, சென்னையில் பாதிப் பேர் புதுச்சேரிக்குத்தான் போகிறார்களோ என்று தோன்றியது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழ அகலம் எங்களுக்கு. அதிலும் மணல். அகலமான டயருக்குக் கொடுத்த பணம் காலை எட்டு மணிக்கே வசூலாகிவிட்டது.

மரக்காணத்தில் உப்பளங்கள் இரண்டு பக்கமும் விரிந்தன. சாலையோர இளநீர் 70 ரூபாய். விலை கேட்டுத் திரும்பிப் போன ஒரு குடும்பத்தைக் கடைக்காரர் கூப்பிட்டு, குழந்தைக்கு மட்டும் ஒன்றைச் சும்மா வெட்டிக் கொடுத்தார். குடும்பம் உட்கார்ந்து ஆளுக்கொன்று குடித்துவிட்டுப் போனது.

தம்பியின் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி சுமார் 5.77 மீட்டர் நகரும். சென்னையிலிருந்து இங்கே கிட்டத்தட்ட 150 கி.மீ. கணக்குப் போட்டால் 26 ஆயிரம் சுற்று. அதில் ஒன்றைக்கூட அவன் விட முடியாது. மேம்பாலத்தில் இறங்கும்போது நான் காலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். அவன் கால் அப்போதுதான் பறக்கும்.

தங்குமிடத்தில் சைக்கிளை அறைக்குள் விடமாட்டோம் என்றார்கள். வெளியே தெருவில் நிறுத்தவும் மனமில்லை. காவலுக்கு இருந்த பெரியவர் தன் நாற்காலியை நகர்த்தி, மாடிப்படிக்கு அடியில் இடம் பண்ணினார். "நான் இங்கேயேதான்மா படுப்பேன், நீங்க போய்த் தூங்குங்க" என்றார். நன்றாகத் தூங்கினோம்.

ஜனவரி 25, ஞாயிறு: தரங்கம்பாடி

கடலூர் வரை தலையைக் குனிந்தபடி மிதித்தோம், சொல்ல ஒன்றுமில்லை. சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கொத்சுக்காகவே இரண்டாம் முறை இட்லி கேட்டேன். பரிமாறியவர் கேட்காமலேயே கொத்சை மூன்றாம் முறையும் ஊற்றினார். இருவருக்கும் சேர்த்து 140 ரூபாய்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் சம்பா அறுவடை. சாலையின் பாதி வரை வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தார்கள். களம் இல்லாத ஊர்களில் சாலைதான் களம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரி எதிரே வந்தபோது எங்களுக்கு வைக்கோல் மேல் போவதைத் தவிர வேறு வழியில்லை. என் வண்டியில் வைக்கோல் கியரில் சுற்றிக்கொண்டது. காலை நிறுத்தினேன், சக்கரம் உருண்டபடியே நின்றது. ஃபிக்ஸியில் அப்படி நிறுத்த முடியாதே! வைக்கோல் புரி செயினோடு பின் பல்லுக்குள் போய், செயின் பல்லை விட்டு ஏறி, சக்கரம் இறுகிவிட்டது. மெதுவாகப் போனதால் பிழைத்தான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி மைல்கல்லில் இடித்து நின்றது. முழங்கையில் சிராய்ப்பு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் இடமும் வலமும் ஆடியது.

வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு தன் மகனைத் திட்டினார்: "ரோட்ட ஒட்டிப் போடாதடான்னு சொன்னேன்ல!" அந்தப் பையனே தன் டிவிஎஸ்ஸில் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு எங்களை அழைத்துப் போனான். வீட்டுத் திண்ணைதான் கடை. கூரையில் பழைய டயர்கள், ஓரத்தில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்தப் பெரியவருக்கு. சக்கரத்தை வாங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"கோட்டம் எடுத்துரலாம் தம்பி. உக்காருங்க."

சக்கரத்தை ஒரு பழைய ஃபோர்க்கில் மாட்டி, ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றினார். ரிம் எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கினார். கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சாக்பீஸ். நடுநடுவே கம்பிகளை விரலால் சுண்டி, சத்தம் மந்தமாக இருக்கும் கம்பியைத் தனியாகக் கவனித்தார். கடைசியில் கோடு சக்கரம் முழுக்க ஒரே சீராக விழுந்தது. இந்த வேலைக்குச் சென்னைக் கடையில் தாங்கி, அளவுமானி எல்லாம் வைத்திருக்கிறார்கள். அவற்றின் பயன் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு கவனமாகக் கம்பியின் சத்தம் கேட்கிறவரை அங்கே நான் பார்த்ததில்லை.

பல்லைப் பூட்டும் வளையத்தைப் பார்த்ததும், "இது எதிர்த் திருகுல்ல?" என்றார். தம்பிக்கு ஆச்சரியம். ஃபிக்ஸட் ஹப்பில் அந்த வளையம் மட்டும் இடஞ்சுழித் திருகு. காலால் பின்னுக்கு அழுத்தும்போது பல் கழன்றுவிடாமல் அது பிடித்துக்கொள்ளும்.

"உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"ஊர் ஊரா மைதானத்துல சைக்கிள் சுத்த வருவாங்களே, ராப்பகலா இறங்காம. அவங்களுக்கு ஃப்ரீவீலையே வெல்டு வெச்சு இறுக்கிக் குடுத்திருக்கேன். பின்னாடியே ஓட்டுவாங்க. நீ ஓட்டுவியா?"

தம்பி தெருவில் ஓட்டிக் காட்டினான். முதலில் நின்ற இடத்தில் நிற்பது, அப்புறம் பின்னோக்கி ஒரு வட்டம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்து, செயினை நடுவில் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அரை அங்குலம் ஆடியது. "சரியா இருக்கு, போய்ட்டு வாங்க." கூலி 60 ரூபாய். நூறாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீதி நாற்பதை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்.

தரங்கம்பாடிக்கு இருட்டும்போதுதான் வந்தோம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் பலூன் சுடும் கடையும் சுண்டலும். அவித்த கடலை இருபது ரூபாய். முழங்கைக்கு மருந்து போட்டுப் படுத்தோம்.

ஜனவரி 26, திங்கள்: வேதாரண்யம்

காரைக்கால் தாண்டி ஒரு பள்ளியில் கொடியேற்றி முடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஆசிரியை எங்கள் கையிலும் ஆரஞ்சு மிட்டாய் வைத்தார். நாகப்பட்டினம் பக்கம் வந்ததும் அரசு கொடுத்த சைக்கிள்களில் ப்ளஸ் ஒன் மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். ஏறக்குறைய இருபது கிலோ எடை இருக்கும் அந்த வண்டியில், பின்னால் ஒரு நண்பனையும் ஏற்றிக்கொண்டு, ஒரு பையன் தம்பிக்குப் பக்கத்திலேயே நெடுந்தூரம் வந்தான். "அண்ணே, காலை நிறுத்துங்க பாப்போம்!" நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், பெடல் ஏன் தானாகச் சுற்றுகிறது என்று அவனுக்குள் ஒரே யோசனை. சாலையோரம் நின்று பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டினோம். தன் வண்டியையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனே சொன்னான். அந்தப் பையன்களில் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் சனிக்கிழமைக் கூட்டத்தில் வந்து ஓட்ட வேண்டியவர்கள் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

நாகூரில் இறால் வைத்துப் பொரித்த வாடா சுடச்சுடத் தின்றோம். ஒன்று 15 ரூபாய். வேளாங்கண்ணியில் சாலை முழுக்க மனிதத் தலை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

மாலையில் வேதாரண்யம். அகஸ்தியன்பள்ளி உப்பளங்களில் வரப்போரமாக வெள்ளைக் குவியல்கள், பனங்கீற்று மூடியவை சில. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். அந்த உப்பு காற்றிலும் இருக்கிறது. உதட்டை நக்கினால் தெரிந்தது. கைப்பிடி நாடா பிசுபிசுத்தது.

சைக்கிளைப் பொறுத்தவரை இந்த வழியில் மழையைவிட உப்புக் காற்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன். நனைந்தால் நமக்குத் தெரியும், துடைத்துவிடுவோம். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் திருகுகளின் தலையில், கேபிள் உறையின் வாயில், கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளில் உட்கார்ந்துகொள்ளும். இரவுப் பனியில் ஈரம் கோத்துத் தின்ன ஆரம்பிக்கும். அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகு இருக்கும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகம், இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான். சீட் குழாயைக் கிரீஸ் போடாமல் விட்டால் சில வருடத்தில் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாது. அதனால் லாட்ஜ் வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு வண்டியையும் முழுக்கத் துடைத்தோம். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, உப்பை அது பேரிங்குக்குள் தள்ளிவிடும்.

தம்பி செயினுக்கு மெழுகு காய்ச்சித் தோய்க்கிறவன். உருக்கிய பாரஃபினில் ஊறவைத்து எடுத்தால் செயின் கையில் ஒட்டாது, தூசி பிடிக்காது, தேய்மானமும் குறைவு. வறண்ட ஊருக்கு அதைவிடச் சிறந்த முறை கிடையாது. ஆனால் இன்று அவன் செயினின் வெளித்தகடுகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். எண்ணெய் போட்ட என் செயின் கறுப்பாக, அழுக்காக, துருவில்லாமல் இருந்தது. என் எண்ணெய்க் குப்பியை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அறை வாடகை 700 ரூபாய். கொசுவர்த்தி இலவசம்.

ஜனவரி 27, செவ்வாய்: அதிராம்பட்டினம்

காலையில் பத்தடிக்கு மேல் தெரியாத பனிமூட்டம். எட்டரை வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். கடைக்காரர், "விளக்கப் போட்டுட்டுப் போனாலும் பஸ்காரனுக்குத் தெரியாதும்மா, இருந்து போங்க" என்று சொல்லி, பேப்பரையும் கையில் கொடுத்தார். இரண்டு டீ, இரண்டு பன், 50 ரூபாய்.

திருத்துறைப்பூண்டி வரை சாலை மேற்கே போகிறது, காற்று வலது தோளில். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக நேரமில்லை, அது மனக்குறைதான். வழி நெடுக வைக்கோல் கண்ட இடத்திலெல்லாம் தம்பி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். தூரம் குறைவு, நேரம் அதிகம் பிடித்த நாள். அதிராம்பட்டினத்தில் இரவு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை, தூக்கம் வருகிறது.

ஜனவரி 28, புதன்: தொண்டி

இப்படி ஒரு நாளுக்காகத்தான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். அதிராம்பட்டினத்துக்குப் பிறகு கரை தென்மேற்கே வளைகிறது. வடகிழக்குக் காற்று நேராக முதுகுக்கு வந்துவிட்டது. மிதிக்கும் சிரமமே தெரியாமல் 30, 32 என்று ஓடியது வண்டி. காதில் காற்றுச் சத்தம் இல்லை. நாங்களும் காற்றும் ஒரே வேகத்தில் போனதால் தென்னந்தோப்பில் மட்டை உரசும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. நான் கியரை ஏற்றிக்கொண்டேன். தம்பிக்கு ஏற்றக் கியர் இல்லை. அவன் வண்டி 31 கி.மீ. வேகத்தில் போக நிமிடத்துக்கு 90 சுற்று வேண்டும். சிரித்துக்கொண்டே சுற்றினான்.

சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தில் இறங்கிப் படம் எடுத்தோம். தோப்புகளில் ஆங்காங்கே இளங்கன்றுகள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் வைத்தவை, இப்போதுதான் பாளை விடுகின்றன. இளநீர் இங்கே 30 ரூபாய்.

மணமேல்குடி தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரப் பகுதியில் ஒரு சின்னக் கடை. கடை வைத்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சைக்கிளைப் பார்க்கத் தெரிந்த பார்வை அது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, காதை அருகில் வைத்தார்.

"பால்ரஸ் நல்லாருக்கு. நீயே ஓட்டியாறியா தாயி, மெட்ராஸ்லேர்ந்து?"

"ஆமாம்மா. நீங்க ஓட்டுவீங்களா?"

"அறிவொளியில கத்துக்கிட்டவ நானு."

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறினார்கள். படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முன்னால் இப்படி உட்காருவேன் என்று நினைத்ததில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பகலில் வேலை, சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம். கிடைத்தது வீட்டுக்காரரின் பார் வைத்த ஆம்பளை வண்டி. முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல், அப்புறம் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பாருக்கு மேல். "ஊரே நின்னு பாத்துச்சு. பாக்கட்டும்னு ஓட்டுனேன். அப்புறம் அந்த பார்லதான் எம் மகள உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போனேன். பஸ்ஸுக்கு நின்னுருந்தா அன்னிக்கு அவ இல்ல."

என் வண்டியின் விலை கேட்டார். சொன்னேன். முகத்தில் மாற்றம் ஒன்றுமில்லை. நிதானமாகப் பின்பக்கம் வந்து நின்று கேட்டார்: "கேரியரு எங்க?"

"இதுல கிடையாதும்மா."

"அப்ப தண்ணிக் கொடத்த எதுல கட்டுவ?"

பதில் சொல்ல முடியவில்லை. என் முதுகில் ஆறு கிலோ பை. சென்னையிலிருந்து வியர்வையில் ஊறி, தோள்பட்டையில் வார் பட்ட இடம் சிவந்து கிடக்கிறது. எடை குறைய வேண்டும் என்று கடைக்காரர்கள் ரோடு பைக்கிலிருந்து எடுத்துவிட்ட பொருளைத்தான் அவர் கேட்டார். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு மூன்றும் இல்லாத வண்டி அவர் கண்ணுக்குப் பாதி வண்டி. தொண்டி வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

தொண்டியில் தம்பிக்கு முழங்கால் வலி. பின்காற்றில் சுற்றிய சுற்றுக்குக் கணக்கில்லை. நாளைக்கு ஃப்ரீவீல் பக்கம் திருப்பி மாட்டலாம் என்று சக்கரத்தைக் கழற்றினால், சென்னையிலிருந்து சுற்றாமலேயே வந்த அந்த ஃப்ரீவீல் உப்பும் வைக்கோல் தூசியும் ஏறி இறுகிக் கிடந்தது. கையால் அசைக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் கேட்டு இரண்டு கடை ஏறினோம், இல்லை. படகுத்துறையில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், பாட்டிலில் இருந்த டீசலை ஃப்ரீவீலின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். "ராத்திரி பூரா படுக்கப் போட்டு வைங்க. காலையில சுத்தும்." காசு வாங்கவில்லை. "கடக்கரையில இரும்புன்னா தெனம் ஆட்டணும் தம்பி, ஆட்டாட்டி புடிச்சுக்கும்" என்றார்.

ஜனவரி 29, வியாழன்: ராமேஸ்வரம்

சுற்றியது. முதலில் கரகரவென்று, பிறகு டிக்டிக்கென்று. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் சத்தம் இன்னும் மென்மையானது. தம்பி பல மாதங்களுக்குப் பிறகு காலை நிறுத்திக்கொண்டு உருண்டான்.

நல்லது அதோடு முடிந்தது. ராமநாதபுரம் மாவட்டம் சீமைக் கருவேலக் காடு. சாலையோர வெட்டு வேலையில் முள் சிதறிக் கிடந்தது. ஆணி குத்தினால் உடனே தெரியும். இந்த முள் டயருக்குள் ஏறி முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். டியூபை மாற்றிக் காற்றடித்தால் அரை மணியில் மறுபடி இறங்கும். டயரின் உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் தடவி ஒவ்வொரு முனையாகக் குறடால் பிடுங்கினோம். மாற்று டியூபுகள் தீர்ந்துபோயின.

தேவிபட்டினம் பக்கம் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரரிடம் டியூப் கேட்டேன். அவரிடம் இருப்பது நம்மூர் 28 அங்குல வண்டிக்கானது. அந்த ரிம்மின் விட்டம் 635 மி.மீ., எங்களுடையது 622, டயரும் மெலிந்தது. சேராது. "டியூப் எதுக்கு? ஓட்டையத்தானே அடைக்கணும்?" என்று உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் தட்டினார். எல்லா டியூபையும் ஒட்டிக்கொடுத்தார். ஒட்டு ஒன்றுக்கு 20 ரூபாய். எங்கள் வால்வு மெலிந்த பிரெஸ்டா வகை, அவர் பம்பு பொருந்தவில்லை. பையில் வைத்திருந்த பித்தளை அடாப்டரைத் திருகியதும் பெட்ரோல் பங்கில் காற்று ஏறியது. 50 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

காத்திருந்த நேரத்தில் அவித்த பனங்கிழங்கு, ஒரு கட்டு 50 ரூபாய். நார் உரித்து மென்றால் பசி அப்படியே அடங்கியது. கடையில் விற்கும் எனர்ஜி பார் ஒன்றின் விலையில் இருவர் வயிறு நிறைந்தது.

ராமநாதபுரத்தில் சாலை கிழக்கே திரும்புகிறது. இத்தனை நாள் தள்ளிக்கொண்டு வந்த காற்று இடது முன்பக்கத்திலிருந்து அடித்தது. பக்கக் காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் போனால் பயனில்லை. காற்று வரும் பக்கம் நான், அவன் எனக்கு வலப்பக்கம் அரை வண்டி பின்னால், சாய்வாக. சாலை காலியாக இருக்கும்போது மட்டும் அப்படி. வண்டி வந்தால் ஒற்றை வரிசை.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. பாலத்தின் நடுவே ஏறும்போது காற்று முன்சக்கரத்தைப் பறித்தது. இறங்கித் தள்ளினோம். தள்ளியதும் நல்லதாகப் போயிற்று. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே மேலே உயரும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை ஆற அமரப் பார்த்தோம். பழைய பாலத்தின் இரும்பைப் பார்த்தபோது தொண்டி அண்ணன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அத்தனை வருடம் அதைச் சுரண்டியும் பூசியும் காத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி: அரிச்சல்முனை, ராமேஸ்வரம்

தம்பி விடியற்காலையிலேயே சக்கரத்தைத் திருப்பி மறுபடி ஃபிக்ஸட் ஆக்கிவிட்டான். கடைசிச் சாலையை அப்படித்தான் ஓட்டுவானாம். முழங்கால் தேவலை என்றான்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி முனை வரையான தார்ச்சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் வேன்தான். இருபக்கமும் கடல், வளைவே இல்லாத சாலை, காற்று வாரி இறைக்கும் மணல். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ரயிலோடு போன தனுஷ்கோடி ஊரின் சுவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் நிற்கின்றன. அந்தச் சுவர் ஓரத்தில் ஓலைக் கடை போட்டிருக்கும் ஒரு அக்கா பாறை மீன் பொரித்துக் கொடுத்தார். முதலில் 250 சொன்னார். சைக்கிளில் வந்தது தெரிந்ததும் 200 போதும் என்று அவராகவே குறைத்தார், கூடவே ஒரு கரண்டி மீன் குழம்பும். முனையில் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பினோம். கூட்டம், காற்று, படம் எடுக்கச் சொல்லும் குடும்பங்கள். அங்கே அதிகம் நிற்கவில்லை.

பிற்பகல் முழுக்க லாட்ஜ் மொட்டைமாடியில். இரண்டு வண்டியையும் ரயிலில் பார்சலாகப் போடுமுன் உப்பை எடுத்துவிட வேண்டும். சென்னை போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் அதற்குள் துரு வேரூன்றிவிடும். என் செயினை நேராக இழுத்து ஸ்கேல் வைத்தேன். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் ஆணியின் நடு சரியாக விழ வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தது, அதாவது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இதற்கு மேல் ஓட்டினால் விலை கூடிய பற்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும், ஆகவே புதுச் செயின். முன்பக்க கியர் கேபிளின் உறை வாயில் பச்சை படிந்திருக்கிறது, அதுவும் மாற்ற வேண்டும். பிரேக் கட்டைகளில் மணல் துகள்கள் பதிந்திருந்தன. ஊசியால் குத்தி எடுத்துத் தேய்த்தாயிற்று, இன்னும் ஓடும்.

தம்பியின் பட்டியல் சின்னது. 17-க்குப் பதில் 18 பல், செயினுக்கு மெழுகோடு உப்புக் காற்று ஊர்களுக்கென்று தனியாக எண்ணெய், ஃப்ரீவீலைக் கழற்றிக் கழுவி கிரீஸ். சீர்காழிப் பெரியவர் எடுத்த கோட்டம் தரங்கம்பாடியிலிருந்து இங்கே வரை மயிரிழை அசையவில்லை. அவர் கடைக்கு ஒரு நல்ல நிப்பிள் ஸ்பானர் வாங்கி அனுப்ப வேண்டும் என்கிறான்.

என் சட்டத்தின் பின்பக்கம், அச்சுக்கு மேலே இரண்டு துளைகள் வாங்கிய நாளிலிருந்து சும்மா இருக்கின்றன. இன்று அவற்றில் அடைந்த உப்பைச் சுரண்டி, திருகு விட்டுப் பார்த்தேன், மரை நன்றாக இருக்கிறது. 5 மி.மீ. திருகு. 25 கிலோ தாங்கும் அலுமினியக் கேரியர் ஒன்று 1,600 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் முதல் வேலை அதைப் பூட்டுவதுதான்.